ஒரு வாக்கியமும் கேட்காத விண்ணப்பம்

இஸ்ரோ நடத்தும் யுவிகா என்னும் இளம் அறிவியலாளர் பயிற்சிக்கான விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி இறுதியில் திறந்து மார்ச் மூன்றாம் வாரவாக்கில் மூடப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பில் படிப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். ஆகவே ஒருவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு; அதுவும் ஆண்டிறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நாள்களில் வந்து போகிற வாய்ப்பு. தேர்வானவர்கள் மே மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் திருவனந்தபுரம், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா, ஐதராபாத், அகமதாபாத், டேராடூன், ஷில்லாங் ஆகிய இடங்களில் உள்ள விண்வெளி மையங்களுள் ஒன்றில் தங்குகிறார்கள். விரிவுரைகளைக் கேட்கிறார்கள், ஆய்வுக்கூடங்களைப் பார்க்கிறார்கள், தங்கள் கையாலேயே சில கருவிகளைச் செய்து பார்க்கிறார்கள். உணவு, உறைவிடம், பயணம் எல்லாம் இஸ்ரோவின் செலவு. அழைத்து வரும் பெற்றோர் ஒருவரின் பயணச் செலவும் அதில் அடக்கம்.

கோடை அறிவியல் முகாம் என்றாலே ஆயிரக்கணக்கில் கட்டணம் என்றாகிவிட்ட காலத்தில் இது பெருங்கொடை. அதைக் குறைத்துச் சொல்வதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. ஆனால் கொடை பெறுவோர் யார் என்பதை முடிவு செய்யும் முறை தனியே ஆராயத்தக்கது. 2019இல் 111 பேரும், 2022இல் 153 பேரும், 2023இல் 337 பேரும், 2024இல் 320 பேரும் இப்பயிற்சியில் பங்கேற்றனர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் படிக்கும் நாட்டில் இவ்வளவு சிலரைப் பிரித்தெடுக்கும் எந்தச் சல்லடையும் மிக நுண்ணியதாகத்தான் இருக்க முடியும். அந்தச் சல்லடையின் கண்கள் எங்கே அகன்றும் எங்கே குறுகியும் இருக்கின்றன என்பதே கேள்வி.

மதிப்பெண் பங்கீடு அறிவிப்பிலேயே வெளிப்படையாகத் தரப்படுகிறது. இந்த வெளிப்படைத்தன்மை பாராட்டுக்குரியது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50. இணையவழி வினாடிவினாவுக்கு 10. கடந்த மூன்றாண்டுகளில் அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றிருந்தால் பள்ளி அளவில் 2, மாவட்ட அளவில் 5, மாநில அளவிலோ அதற்கு மேலோ 10. ஒலிம்பியாட், அறிவியல் போட்டி போன்றவற்றில் முதல் மூன்று இடங்களுள் ஒன்றைப் பெற்றிருந்தால் அதே படிநிலையில் 2, 4, 5. விளையாட்டுப் போட்டி வெற்றிக்கும் அவ்வாறே 2, 4, 5. சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம் இவற்றுள் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் 5. ஊராட்சி எல்லைக்குள் அமைந்த பள்ளியில் படிப்பவருக்கு 15. கூட்டினால் 100.

முதலில் பெரும்பங்காகிய 50ஐப் பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையும் வாரியத் தேர்வில் தேறவேண்டிய கட்டாயம் இல்லை. எனவே நாட்டின் பெரும்பகுதியில் எட்டாம் வகுப்பு மதிப்பெண் என்பது அந்தந்தப் பள்ளியே வினாத்தாள் அமைத்து, அந்தந்தப் பள்ளியே திருத்தி, அந்தந்தப் பள்ளியே வழங்குவது. ஒரு பள்ளியின் 98உம் மற்றொரு பள்ளியின் 88உம் ஒரே அளவுகோலில் அளக்கப்பட்டவை அல்ல. கைநிறையப் போடும் பள்ளியும் உண்டு, கையை இறுக்கும் பள்ளியும் உண்டு. இவ்விரண்டு மதிப்பெண்களையும் இப்பட்டியல் நேருக்கு நேர் நிறுத்தி 5 மதிப்பெண் இடைவெளியை உண்டாக்குகிறது. அது மாவட்ட அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றதற்குச் சமமான மதிப்பெண்.

அடுத்து, சான்றிதழ்கள். கண்காட்சிக்கு 10, போட்டிக்கு 5, விளையாட்டுக்கு 5, உறுப்பினர் தகுதிக்கு 5 என மொத்தம் 25 மதிப்பெண் காகிதத்தில் இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் எடை விளங்கும். ஜார்க்கண்டின் ஒரு சிற்றூரில் அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவி ஒருத்தி எட்டாம் வகுப்பில் 90 விழுக்காடு பெற்றாள் என்று கொள்வோம். அதற்கு 45, ஊராட்சிப் பள்ளிக்கு 15, வினாடிவினாவில் 7; ஆக 67. பெருநகரத் தனியார் பள்ளி மாணவர் ஒருவர் 96 விழுக்காட்டுக்கு 48உம் வினாடிவினாவில் 9உம் பெறுகிறார், ஆக 57. இதுவரை மாணவி 10 மதிப்பெண் முன்னிற்கிறாள். இப்போது மாணவரின் கோப்பு திறக்கிறது. மாநிலக் கண்காட்சிக்கு 10, மாவட்டப் போட்டிக்கு 4, மாவட்ட விளையாட்டுக்கு 4, மாணவர் படைக்கு 5. அவர் 80இல் போய் நிற்கிறார். மாணவியின் கோப்பில் எதுவும் இல்லை. அவள் படிக்கும் பள்ளியில் மாணவர் படைப் பிரிவு இல்லை; கண்காட்சிக்கு அழைத்துச் செல்ல அறிவியல் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும்; போகவர வண்டிக்கூலி யாரேனும் தரவேண்டும். 10 மதிப்பெண் முன்னிலை 13 மதிப்பெண் பின்னடைவாக மாறியது அவளுடைய அறிவினாலோ ஆர்வத்தினாலோ அன்று.

நாட்டு நலப்பணித் திட்டம் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளில்தான் தொடங்குகிறது என்பதும், ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் அதன் உறுப்பினர் சான்றைக் கேட்பதில் பொருளில்லை என்பதும் இங்கே ஒரு சிறு குறிப்பு. பட்டியலை எழுதியவர்களின் கண்முன் ஒன்பதாம் வகுப்பு மாணவர் எவரும் இருந்ததாகத் தோன்றவில்லை.

கண்காட்சிக்கான மதிப்பெண்ணில் வேறொரு விந்தையும் உண்டு. மாநில அளவில் போட்டியொன்றில் முதலிடம் பெற்றவருக்கு 5. மாநிலக் கண்காட்சியில் பங்கேற்றவருக்கு 10. வென்றதைவிடச் சென்றதற்கு இருமடங்கு. பங்கேற்புச் சான்றிதழ்களின் மொழியைக் கவனித்தவர்கள் அதன் இலக்கணத்தை அறிவார்கள். இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் பங்கேற்றார் எனச் சான்றளிக்கப்படுகிறது. செயப்பாட்டு வினை, எழுவாய் மறைந்த வாக்கியம். அந்த மாணவர் எதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார், என்ன செய்து பார்த்தார், எங்கே தவறினார், பிறகு எப்படித் திருத்திக்கொண்டார் என்பவை பற்றி அந்த வாக்கியம் வாய் திறப்பதில்லை. மாதிரியைச் செய்தது மாணவரா, அவருடைய தந்தையா, கடைத்தெருவில் செய்து விற்கும் கைவினைஞரா என்பதும் அதற்குத் தெரியாது. இந்த வாக்கியத்தின் விலை 10 மதிப்பெண்.

போட்டிச் சான்றுகளின் நிலை இதனினும் மோசம். ஒலிம்பியாட் என்னும் சொல் இன்று எவருக்கும் உரிமையில்லாத சொல்லாகிவிட்டது. மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஒருங்கிணைக்கும் ஒலிம்பியாடும், பள்ளிகளின் வழியாகக் கட்டணம் பெற்றுக்கொண்டு தனியார் நடத்தும் ஒலிம்பியாடும் பெயரளவில் ஒன்றே. பின்னவற்றில் பள்ளிக்குள் முதல் மூன்று இடம் என்று சான்று கிடைக்கும். ஒரு வகுப்பிலிருந்து ஐந்து பேர் எழுதினாலும் மூவர் முதல் மூன்று இடத்துக்கு வந்தே தீருவர். ஒலிம்பியாட் அல்லது அதற்கு இணையானவை என்று பட்டியல் சொல்கிறது. எதற்கு எது இணை என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

இவை அனைத்துக்கும் அடியில் காலம் பற்றிய நிபந்தனை ஒன்று இருக்கிறது. கடந்த மூன்றாண்டுச் சான்றுகள் வேண்டும் என்றால், ஒன்பதாம் வகுப்பில் விண்ணப்பிக்கப் போகிறவர் ஆறாம் வகுப்பு முடியும் தறுவாயிலேயே சேகரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். பதினோரு வயதுக் குழந்தை தானாக இதைச் செய்யாது. யுவிகா என்று ஒன்று உண்டு, அதற்கு இன்னின்ன காகிதங்கள் தேவை என்று அந்த வீட்டில் யாரோ ஒருவர் மூன்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்து, கோப்பு ஒன்றைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதைத்தான் அந்த 25 மதிப்பெண் பெரும்பாலும் அளக்கிறது.

ஊரகப் பள்ளிக்கான 15 மதிப்பெண் இந்த ஏற்றத்தாழ்வை ஈடுசெய்வதற்கென்றே வைக்கப்பட்டது என்று வாதிடலாம். நோக்கம் நல்லது. ஆனால் அது குழந்தையைப் பார்க்கவில்லை. பள்ளிக் கட்டடம் நிற்கும் நிலத்தைப் பார்க்கிறது. நிலம் மலிவாகக் கிடைக்கிறதே என்று நகர எல்லையைத் தாண்டி ஊராட்சிப் பகுதியில் நீச்சல் குளத்தோடும் குதிரை லாயத்தோடும் எழுப்பப்பட்ட உறைவிடப் பள்ளியின் மாணவர் அந்த 15ஐப் பெறுவார். தாராவியின் மாநகராட்சிப் பள்ளி மாணவி பெறமாட்டாள். முன்னவரிடம் 25 மதிப்பெண் காகிதமும் இருக்கும்.

இத்திட்டம் தொடங்கிய 2019இல் இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் கே. சிவன். குமரி மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். அவரைப் போன்ற சிறுவன் ஒருவன் இன்று விண்ணப்பித்தால் இப்பட்டியல் அவனுக்கு 15ஐ மனமுவந்து வழங்கும். பிறகு 25ஐக் கேட்டுக் கைநீட்டும்.

இவ்வளவையும் சொன்னபின் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் எடுத்து வைப்பதே முறை. அமெரிக்காவின் புகழ்பெற்ற கோடை அறிவியல் முகாம்கள் பலவும் கட்டுரை கேட்கின்றன. உன்னை நீயே விவரி, உன் ஆர்வம் எங்கே தொடங்கியது, உன் வாழ்வின் திருப்புமுனை எது என்பன போன்ற வினாக்கள். அந்தக் கட்டுரைகளை எழுதக் கற்பிப்பது இன்று இந்தியப் பெருநகரங்களிலும் நல்ல வருமானம் தரும் தொழில். தன்னைப் பற்றிக் கோவையாக, சற்றே அடக்கமாக, ஆனால் அடக்கம் அளவு மீறாமல் ஆங்கிலத்தில் எழுதுவது பயிற்சியால் வரும் திறன். அறிவியல் ஆர்வத்துக்கும் அதற்கும் உறவு குறைவு. பேசும் வகையறிந்த குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளியின் மொழி வீட்டு மொழிபோல அமைந்துவிடுகிறது என்பதை பேசில் பெர்ன்ஸ்டைன் முதல் பியர் போர்தியூ வரை பலரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இஸ்ரோவின் பட்டியல் இந்தப் படுகுழியில் விழவில்லை. கட்டுரை கேட்டிருந்தால் ஜார்க்கண்டு மாணவியின் நிலை இன்னும் இரங்கத்தக்கதாகியிருக்கும். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும் கட்டுரை ஒன்றே சான்றிதழுக்கு மாற்று என்று யார் சொன்னது? அமெரிக்காவிலேயே 1957இல் தொடங்கிய ராஸ் கணித முகாமும், 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ப்ராமிஸ் முகாமும் விண்ணப்பதாரரிடம் கணக்குகளைக் கொடுக்கின்றன. வீட்டில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் யோசிக்கலாம். விடை முழுமை பெறாவிட்டாலும் எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் போனார், எதைக் கவனித்தார் என்பதை எழுதி அனுப்பலாம். படிப்பவர் தேடுவது அந்த நடையைத்தான். மொழியியல் ஒலிம்பியாடும் இதே இனம். அறியாத மொழியொன்றின் பத்து வாக்கியங்களைத் தந்து, அவற்றிலிருந்தே இலக்கணத்தைக் கண்டுபிடி என்கிறது, முன்னறிவு தேவையில்லை. உலக அளவிலான அப்போட்டியில் மாணவர்கள் தாங்கள் தெரிந்தெடுத்த மொழியில் வினாத்தாளைப் பெற்று அம்மொழியிலேயே விடை எழுதுகிறார்கள். பல மொழிகளில் ஒரே வினாத்தாளை ஒரே தரத்தில் அமைப்பது கடினம். ஆனால் செய்யப்பட்டு வருகிறது.

மொழி என்றதும் இந்தியாவில் எழும் தயக்கம் பழையது. 1999இல் தொடங்கிய கிஷோர் வைக்யானிக் திட்டம் அறிவியல் நாட்டமுள்ள மாணவர்களைத் தேடிப் பிடிக்க வந்த தேசியத் திட்டம். உதவித்தொகையோடு கோடை முகாம்களும் அதில் உண்டு. இரண்டு பதின்ம ஆண்டுகளுக்கும் மேலாக அதன் தகுதித் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடந்தது. 2021இல் மதுரை மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசன் தொடர்ந்த வழக்கில், மாநில மொழிகளிலும் தேர்வு நடத்தப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. மறு ஆண்டிலேயே அத்திட்டம் இன்ஸ்பயர் திட்டத்தோடு இணைக்கப்பட்டுத் தனித்தேர்வு நின்றுபோனது. மொழிக் கதவைத் தட்டித் திறப்பதற்குள் வீடே இடம் மாறிவிட்டது.

யுவிகாவின் மதிப்பெண் பட்டியலில் விண்ணப்பதாரர் தானாக எழுதும் ஒரு வாக்கியத்துக்குக்கூட இடமில்லை என்பதே இப்பதிவின் மையமான குறை. பள்ளி பேசுகிறது, கண்காட்சி அமைப்பாளர் பேசுகிறார், விளையாட்டுக் கழகம் பேசுகிறது, ஊராட்சி எல்லைக் கோடு பேசுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை பேசுவதில்லை. வினாடிவினாவில்கூட அப்பிள்ளை செய்வது தேர்ந்தெடுப்பதுதான், சொல்வது அன்று.

காகிதத்துக்கான 25 மதிப்பெண்ணை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரே ஒரு பணியை வைக்கலாம். பத்து நாள் மாலை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று நிலவின் இடத்தையும் வடிவத்தையும் வரைந்து, கண்டதில் எது புரிந்தது எது புரியவில்லை என்று இரண்டு பக்கம் எழுது என்று கேட்கலாம். இதற்குக் கருவி வேண்டாம், பயிற்சி நிலையம் வேண்டாம், வண்டிக்கூலி வேண்டாம். மேகம் மறைத்த நாளில் மேகம் மறைத்தது என்று எழுதும் பிள்ளையையும், மேகத்தைத் தாண்டியும் நிலவை வரைந்துவிடும் பிள்ளையையும் வேறுபடுத்திக் காண அனுபவமுள்ள வாசகருக்கு அதிக நேரம் ஆகாது. எழுதும் மொழி எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் எதுவாகவும் இருக்கலாம். கோண்டி பேசும் பிள்ளைக்கு அந்த 22இலும் இடமில்லை என்பது தனிக்கதை. அட்டவணை முழுமையானதல்ல என்பதற்காக இரண்டு மொழிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

பெற்றோர் எழுதித் தரமாட்டார்களா, இப்போது கணினியே எழுதித் தருகிறதே என்ற ஐயம் நியாயமானது. எழுதியவற்றை மட்டும் நம்பினால் காகிதத்தின் இடத்தில் மற்றொரு காகிதம் வந்ததாகவே முடியும். ஆகவே இறுதிச் சுற்றுக்கு வருபவர்களோடு பத்து நிமிடம் தொலைபேசியில் அவர்களுடைய மொழியில் பேச வேண்டும். ஆறாம் நாள் நிலவு ஏன் இந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டால் போதும். வரைந்தவர் யார் என்பது தெரிந்துவிடும்.

நேர்காணல் என்றால் கிராமத்துப் பிள்ளை வாயடைத்துப் போகாதா? போகலாம். ஆனால் அதைக் குறித்து மொழியியலாளர்கள் நன்கு அறிந்த சான்று ஒன்று உண்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வில்லியம் லபோவின் குழுவினர் எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனைப் பேட்டி கண்டபோது அவன் ஒற்றைச் சொற்களில் விடையளித்தான்; பேச்சுத்திறன் குன்றியவன் என்று முடிவு கட்டிவிடக்கூடிய பதிவு அது. கேட்டவரும் அவனுடைய சமூகத்தைச் சேர்ந்தவர்தாம். ஆயினும் சிறுவன் திறந்து பேசவில்லை. அடுத்த முறை அதே மனிதர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றோடு வந்தார், சிறுவனின் நெருங்கிய நண்பனையும் அழைத்துக்கொண்டார், தரையில் உட்கார்ந்துகொண்டார். சிறுவன் பேச்சை நிறுத்தவேயில்லை. மாறியது அவனுடைய மொழித்திறன் அன்று, அறையின் அமைப்பு. 1969இல் வெளிவந்த அக்கட்டுரையை மொழியியல் முதுகலை வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், பிறகு சேர்க்கைக் குழுக்களில் உட்கார்ந்து மேசைக்கு மறுபுறம் இருக்கும் பிள்ளையின் மௌனத்துக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள்.

எஞ்சுவது நடைமுறைச் சிக்கல். விண்ணப்பங்கள் ஏராளமாக வரும்போது எழுதியவற்றை யார் படிப்பது? அனைத்தையும் படிக்க வேண்டியதில்லை. வினாடிவினாவையும் பள்ளி மதிப்பெண்ணையும் வைத்து, மாநிலவாரியாகவும் பள்ளி வகைவாரியாகவும் பிரித்து, 5,000 பேரை முதலில் எடுக்கலாம். ஒவ்வொரு தாளையும் இருவர் படிக்க வேண்டும் என்றால் 10,000 வாசிப்பு. ஐஐடிகளிலும் ஐசர்களிலும் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் மொழியியலும் ஆராயும் முனைவர் பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். ஒடியா, மலையாளம், அசாமி, சந்தாலி, மராத்தி எனத் தாய்மொழியில் சரளமாகப் படிக்கக்கூடியவர்கள். பலர் தங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அவர்களுள் 500 பேர் முன்வந்தால் ஆளுக்கு 20 தாள். ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரம். மார்ச் மாதத்தின் இரண்டு மாலைப்பொழுது.

அடுத்த ஆண்டு அறிவிப்பு வருவதற்கு முன்பாக இஸ்ரோவுக்கு இக்கோரிக்கை எழுத்தில் போய்ச் சேரவேண்டும். தேர்வானவர்களுள் அரசுப் பள்ளியினர் எத்தனை பேர், எந்தப் பயிற்றுமொழியில் படித்தவர்கள், கண்காட்சி மதிப்பெண் இல்லாமலே நுழைந்தவர்கள் எத்தனை பேர் என்னும் எண்ணிக்கைகளைப் பெயர்களின்றிப் பட்டியலோடு சேர்த்து வெளியிடுமாறும் அதில் கேட்கலாம். தாள்களைப் படிக்க விருப்பமுள்ள ஆய்வாளர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தையும் தங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த மொழிகளையும் கீழே குறிப்பிடலாம். தெலுங்கும் வங்காளமும் விரைவில் நிரம்பிவிடும். போடோ, மைதிலி, டோக்ரி, காஷ்மீரி அறிந்தவர்களைத்தான் முதலில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.